பொட்டு வைத்த பிக்கப்

"அம்மா, வச்சிக்கிடவா, திருப்பிக் குடுத்திரவா?"

கேட்டவர் சொரிமுத்து. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மூச்சு வாங்கியது. வேட்டி ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது.

வடிவம்மா வேப்பமரத்தடியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"எதை, அண்ணாச்சி?"

"வண்டியத்தாம்மா!"

பாபநாசம் போகிற சாலையில், ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது அந்த மடம். மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, ஒரு வேப்பமரம், ஒரு தண்ணீர் மோட்டார். அவ்வளவுதான்.

வடிவம்மாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சொரிமுத்துவுக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. ஆனாலும் குரு அந்த அம்மாதான், சீடர் சொரிமுத்துதான். வயதைப் பார்த்தா ஞானம் வருகிறது?

வெள்ளிக்கிழமை தவறாமல் சொரிமுத்து மடத்துக்கு வருவார். தன் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். கோபம் வருகிறது. பொறாமை வருகிறது. சாமி கும்பிடும்போது மத்தியானச் சாப்பாட்டு நினைப்பு வருகிறது.

வடிவம்மா முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு டம்ளர் மோர் கொடுப்பார். இத்தனை வருஷத்தில் அவருக்குக் கிடைத்த உபதேசம் அந்த மோர்தான்.

இன்று வெள்ளிக்கிழமை இல்லை. சொரிமுத்துவுக்கு மோர் குடிக்கிற பொறுமையும் இல்லை.

"வந்து பாருங்கம்மா. வாசல்ல நிக்கி. நீங்களே பாத்துச் சொல்லுங்க!"

வடிவம்மா கீரையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

வாசலில் ஒரு புத்தம் புது வெள்ளை பிக்கப் நின்றது. பின்னால் கம்பெனியே மாட்டிக் கொடுத்த மூடிய இரும்புப் பெட்டி. சீட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. முன் கண்ணாடியில் சந்தனம் குங்குமம் எதுவும் இல்லை.

ஆனால் வண்டி முழுக்கப் பொட்டு.

பெண்கள் நெற்றியில் வைக்கிற ஸ்டிக்கர் பொட்டு. கதவில், பானெட்டில், பம்பரில், பெட்டியின் இரண்டு பக்கத்திலும், பின்கதவில். சிவப்பு தீர்ந்துபோய் ஊதா. ஊதாவும் தீர்ந்துபோய் பச்சை.

"என்ன அண்ணாச்சி இது?"

"குறைம்மா! ஒவ்வொரு பொட்டும் ஒரு குறை!"

சொல்லும்போதே அவர் குரல் ஏறியது. கண்டுபிடித்தவர் அல்லவா.

நடந்தது இதுதான்.

முப்பது வருஷமாக சொரிமுத்து அடுத்தவர் வண்டியை ஓட்டினார். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் ஏற்றி மதுரையில் இறக்குவார். எந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தாலும் அது முதலாளி வண்டி. பஞ்சரானால் முதலாளி வண்டி பஞ்சர். கீறினால் முதலாளி வண்டியில் கீறல், சொரிமுத்துவுக்குத் திட்டு.

முந்தாநாள் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டார். அம்பாசமுத்திரம் ஷோரூமிலிருந்து ஊர் வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். எதிரே மாடு வந்தாலும் அடித்தார், மாடு வராவிட்டாலும் அடித்தார். பக்கத்து சீட்டில் மனைவி பேச்சியம்மாள். ஊர் எல்லை வரும்வரை அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டு வாசலில் மச்சான் ஆவுடையப்பன் நின்றிருந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்.

"இடது கதவு லேசா இறங்கியிருக்கோ, அத்தான்?"

தீர்ந்தது கதை.

சொரிமுத்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. கதவின் இடுக்கில் ஓர் அப்பளத்தை விட்டுப் பார்த்தார். இடது பக்கம் அப்பளம் நுழைந்தது. வலது பக்கம் நுழையவில்லை.

"ஏ பேச்சி! உன் பொட்டு அட்டைய எடுத்துட்டு வா!"

அடையாளம் வைக்கத்தான். மறுநாள் ஷோரூமில் காட்ட வேண்டாமா? ஒரு பொட்டில் ஆரம்பித்தார். கையில் டார்ச்சும் கண்ணில் கண்ணாடியுமாக உட்கார்ந்தவருக்கு வண்டி வாரி வாரி வழங்கியது. அட்டை அட்டையாகத் தீர்ந்தது. இன்று காலையில் பேச்சியம்மாள் வைத்துக்கொள்ளப் பொட்டில்லாமல் குங்குமத்தைக் குழைத்து வைத்துக்கொண்டாள்.

"இங்க பாருங்கம்மா!" சொரிமுத்து வடிவம்மாவைக் கூட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றினார். "பெயிண்ட்டுக்கு அடியில ஒரு தூசி. கடுகளவுதான். ஆனா தூசி தூசிதான? இந்தா, இங்கன பெயிண்ட் வழிஞ்சு காஞ்சிருக்கு. பானெட்டத் தொட்டுப் பாருங்க, சாத்துக்குடித் தோல் மாதிரி இருக்கா? பம்பர் ஒரு வெள்ளை, கதவு ஒரு வெள்ளை. பின்கதவு ஒரு பக்கம் தூக்கி நிக்கி."

"ம்."

"இது யார் கண்ணுக்கும் படாது. நான் படுத்துக்கிட்டுப் பாத்தேன்."

"ம்."

வடிவம்மா பெட்டியின் பக்கவாட்டில் இருந்த ஒரு பச்சைப் பொட்டைத் தொட்டார்.

"இது எதுக்கு?"

சொரிமுத்து குனிந்தார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். பொட்டை உரித்துவிட்டுப் பார்த்தார். விரலால் தடவினார்.

"காலைல இருந்துச்சும்மா."

"சரி."

"நெசமாவே இருந்துச்சு!"

"சரி, அண்ணாச்சி."

உரித்த பொட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் சொரிமுத்து அதைத் தன் கைக்கடிகாரத்தில் ஒட்டிக்கொண்டார்.

"ஷோரூம்ல என்ன சொல்லுதாங்க?" வடிவம்மா கேட்டார்.

"நேத்து போன்ல ஒவ்வொண்ணாச் சொன்னேன். எல்லா வண்டியும் அப்படித்தான் சார் வரும்னு சொல்லுதான் அந்த மேனேஜர் பையன். கடைசில, பிடிக்கலன்னா வண்டியத் திருப்பி விட்டுருங்க, மாத்தித் தாரோம்னுட்டான். ஆனா மாத்து வண்டி பொங்கல் கழிச்சுத்தான் வருமாம். வச்சிக்கிடுததா இருந்தா இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்து கையெழுத்துப் போடணுமாம்."

"நாளைக்கு?"

சொரிமுத்துவின் முகம் அங்கேதான் மாறியது.

"நாளைக்குக் காலைல தீபாவளி அப்பளம் ஏத்தணும். இத நம்பித்தான் முதலாளிகிட்ட வேலைய விட்டுட்டு வந்தேன். நான் போகலன்னா வேற ஆள் ஏத்திருவான். ஒருக்கா கை மாறுன லோடு திரும்பி வருமாம்மா? அப்பளம் போடுத பொம்பளைங்க எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. அண்ணன் சொந்த வண்டியில வருதாருன்னு."

மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. ஐப்பசி மாசம். எந்த நேரத்திலும் பிடித்துக்கொள்ளும்.

"யார் வண்டி, அண்ணாச்சி?"

"என்னம்மா?"

"இது யார் வண்டின்னு கேட்டேன்."

"இப்பதைக்குக் கம்பெனி வண்டிதான். இன்னும் கையெழுத்துப் போடலியே." சொரிமுத்து நெற்றியைத் துடைத்தார். "அதத்தாம்மா கேக்கேன். வச்சிக்கிடவா, திருப்பிக் குடுத்திரவா? வர்ற வழில பஸ் ஸ்டாப்புல ஒரு பொம்பள என்ன கேட்டா தெரியுமா? வண்டிக்கு அம்மை போட்டிருக்கான்னு கேக்கா!"

வடிவம்மா சிரிக்கவில்லை. வண்டியை மறுபடி ஒருமுறை, தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"அம்மை போட்டிருந்தா என்ன செய்வாங்க?"

"வேப்பிலை வைப்பாங்க. இறங்குனதும் தலைக்குத் தண்ணி ஊத்துவாங்க."

"ஊத்திருவோம்."

வடிவம்மா மரத்திலிருந்து ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்தார். மோட்டாரிலிருந்து ரப்பர் குழாயை இழுத்து வந்தார்.

சொரிமுத்து பதறிப்போனார்.

"ஐயோ, வேண்டாம்மா! பொட்டெல்லாம் போயிரும்! பொட்டுப் போயிட்டா எதக் காட்டுவேன்?"

"நீங்க உள்ள ஏறுங்க."

"எதுக்குள்ள?"

"பெட்டிக்குள்ள. செருப்பைக் கழத்திட்டு ஏறுங்க."

குரு சொன்னால் சீடன் கேட்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அது இந்த மாதிரி நேரத்தில்தான் உறுத்தும். சொரிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். வெறும் இரும்புத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

கதவு சாத்தியது. கொண்டி விழுந்தது.

கன்னங்கரேல் என்ற இருட்டு.

"அம்மா?"

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் கூரைமேல் சடசடவென்று தண்ணீர் விழுந்தது.

போச்சு. இடது கதவுப் பொட்டு போச்சு. பம்பர் பொட்டு போச்சு. ஒவ்வொன்றாக மனசுக்குள் எண்ணிப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். சாத்துக்குடித் தோல் எந்தப் பக்கம்? வழிந்த பெயிண்ட் மேலேயா, கீழேயா? இருட்டில் எதுவும் பிடிபடவில்லை. பம்பர் வெள்ளையும் கதவு வெள்ளையும் ஒன்றாகிப் போயிருந்தன.

கொஞ்ச நேரத்தில் முயற்சியை விட்டுவிட்டார். சும்மா உட்கார்ந்தார்.

நாளைக்கு அப்பளம் உட்காரப் போகிற இடம் இது. மூட்டை மூட்டையாக அடுக்கினால் அவர் தலை உயரத்துக்கு வரும். வெளியே கொட்டுகிற இந்தச் சத்தம்தான் மதுரை போகும் வழியெல்லாம் அப்பளத்துக்குக் கேட்கும். அப்பளத்துக்குக் கதவு இறங்கியிருந்தால் என்ன, ஏறியிருந்தால் என்ன?

ஈரம் மட்டும் ஆகாது. ஒரு சொட்டு போதும், ஒரு கட்டு அப்பளம் நமத்துப்போகும்.

அந்த நினைப்பு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

மேலே, முன்பக்க மூலையில், கூரையும் சுவரும் சேருகிற இடத்தில் ஒரு வெளிச்சம். ஊசி முனை அளவுதான். அந்த இருட்டில் அது அவ்வளவு அழகாக இருந்தது. என்ன அது என்று தெரியாமலே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிச்சம் மினுங்கியது. கொஞ்சம் பருத்தது. தளும்பியது.

சொட்டென்று அவர் வழுக்கைத் தலையில் விழுந்தது.

"அம்மா!"

சொரிமுத்து துள்ளி எழுந்தார். கூரையில் தலை இடித்தது. வலி தெரியவில்லை.

"அம்மா! ஒழுகுது! ஒழுகுதும்மா!"

பிள்ளை பிறந்த சேதி சொல்கிறவனைப் போல அவர் கத்தினார்.

வெளியே தண்ணீர் நிற்கவில்லை. வடிவம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"எத்தனை இடம்?"

"ஒரே இடம்!"

"நல்லாப் பாருங்க."

சொரிமுத்து நல்லாப் பார்த்தார். நான்கு மூலையையும் பார்த்தார். சுவரோரமாகத் தடவிக்கொண்டே ஊர்ந்தார். கதவு இடுக்கில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். தரையில் உள்ளங்கையை வைத்து வைத்து எடுத்தார். எங்கும் காய்ந்துதான் கிடந்தது.

"ஒரே இடம்தாம்மா! வேற எங்கயும் இல்ல! எங்கயுமே இல்ல!"

கொண்டி திறந்தது.

வெளிச்சத்தில் கண் கூசியது. இறங்கி வந்து பார்த்தால் வண்டி பளபளவென்று நனைந்து நின்றது. சிவப்பும் ஊதாவும் பச்சையுமாகப் பொட்டுகள் தண்ணீரோடு வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தன.

சொரிமுத்து அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டயரில் கால் வைத்து ஏறி, கூரையின் அந்த மூலையை எட்டிப் பார்த்தார். வெளியிலிருந்து பார்க்க அருமையாக இருந்தது. வழவழவென்று வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்த இடத்தில் அவர் ஒரு பொட்டுக்கூட வைத்திருக்கவில்லை. கூரைமேல் ஏறி எந்த மச்சான் பார்க்கப்போகிறான்?

ஈரவேட்டியோடு ஓடிவந்தார்.

"அப்ப வச்சிக்கிடவாம்மா, திருப்பிக் குடுத்திரவா?"

வடிவம்மா மறுபடி கீரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"யார் வண்டி, அண்ணாச்சி?"

சொரிமுத்து வாயைத் திறந்தார். கம்பெனி வண்டி என்று சொல்ல வந்தது. நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

மலையைப் பார்த்தார். மேகம் இன்னும் கீழே இறங்கியிருந்தது. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த நிமிஷம் வண்டி சாலையில் ஏறிவிட்டது. ஹாரன் சத்தம் ஆற்றுப்பாலம் வரைக்கும் கேட்டது.

மடத்து வாசலில் அவர் செருப்பு கிடந்தது.

அம்பாசமுத்திரம் ஷோரூமில் மேனேஜர் இன்பராஜ் வாசலிலேயே நின்றிருந்தான். நல்ல பையன்தான். நேற்று போனில் குறைகளைக் கேட்டுக் கேட்டுக் களைத்திருந்தான். வெறுங்காலோடும் ஈரவேட்டியோடும் சொரிமுத்து இறங்கி வருவதைப் பார்த்ததும் அவன் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. எல்லா வண்டியும் அப்படித்தான் சார் வரும் என்ற பதில் அவன் வாயில் தயாராக இருந்தது.

"வாங்க சார். சொல்லுங்க. என்னென்ன குறை?"

"உள்ள ஏறுங்க தம்பி."

"சார்?"

"பெட்டிக்குள்ள ஏறுங்க. ஷூவக் கழத்திட்டு ஏறுங்க. நாளைக்கு அப்பளம் வைக்குத இடம்."

இன்பராஜ் சுற்றுமுற்றும் பார்த்தான். வண்டி கழுவுகிறவர் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குப் பார்க்கிற பெண் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொரிமுத்துவின் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவன் ஏறியிருக்கமாட்டான். அதில் இருந்தது திருவிழாவுக்குப் போகிறவனின் சந்தோஷம். சண்டைக்கு வந்த வாடிக்கையாளரிடம் அவன் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததே இல்லை.

ஷூவைக் கழற்றினான். ஏறினான்.

கதவு சாத்தியது. கொண்டி விழுந்தது.

"அண்ணே, அந்தக் குழாயக் குடுங்க!"

வண்டி கழுவுகிறவரிடம் குழாயை வாங்கிச் சொரிமுத்துவே தண்ணீர் அடித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூரை மேல் விழும்படி குழாயை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அடித்தார்.

"அண்ணாச்சி!"

'சார்' போய் 'அண்ணாச்சி' வந்துவிட்டது.

"என்ன தம்பி?"

"ஒழுகுது அண்ணாச்சி! என் சட்டைக் காலர்ல விழுது!"

"எத்தனை இடம்?"

"ஒரு இடம்! முன்னால மூலைல! நல்லாத் தெரியுது!"

"நல்லாப் பாருங்க தம்பி. இன்னும் கொஞ்சம் இருந்து பாருங்க."

இன்பராஜ் இருந்து பார்த்தான். வெளியே வரும்போது அவன் கண்ணும் பளபளத்தது. எல்லா வண்டியும் அப்படித்தான் வரும் என்று அவன் சொல்லவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டு, ஏணி வைக்கச் சொல்லி, அவனும் கூடவே ஏறினான். அந்த மூலையைத் துடைத்து, சூடு காட்டி, பசை வைத்து அடைத்தார்கள். பசை காய்கிறவரை சொரிமுத்துவும் இன்பராஜும் படியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

மறுபடி தண்ணீர் அடித்தார்கள். யாரும் சொல்லாமலே இன்பராஜ் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி! இருட்டுதான்! நல்ல இருட்டு!"

அவன் இறங்கும்போது மழை ஆரம்பித்துவிட்டது. சரியான மழை. வண்டியின் மேல் விழுந்து நான்கு பக்கமும் வழிந்தது. சொரிமுத்து நகரவில்லை. நனைந்துகொண்டே வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இடது கதவின் கீழ் ஓரத்தில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சொரிமுத்து பிடித்த முதல் குறை.

இன்பராஜ் குடையோடு பக்கத்தில் வந்தான். அந்தப் பொட்டைப் பார்த்தான். நேற்று போனில் கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது.

"அண்ணாச்சி, மத்ததெல்லாம்?" தயங்கித் தயங்கிக் கேட்டான். "கதவு, பெயிண்டு, பம்பரு... அதெல்லாம் என்ன செய்ய?"

சொரிமுத்து கதவைத் திறந்தார். சீட்டில் இருந்த பிளாஸ்டிக் உறையை ஒரே இழுப்பில் கிழித்து எறிந்தார். ஈரவேட்டியோடு ஏறி உட்கார்ந்தார்.

"மத்ததெல்லாம் என் வண்டி, தம்பி."